விசா மறுப்பு: சட்டம் கேட்பதும் விண்ணப்பம் சொல்வதும்

அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு உண்டு. அந்நாட்டுக்குத் தற்காலிகமாக வர விசா கேட்பவர் எவராயினும், அப்படியில்லை என்று அவரே நிரூபிக்கும்வரை, அங்கே குடியேறும் எண்ணத்தோடு வருபவராகவே கொள்ளப்பட வேண்டும் என்பது அதன் சாரம். குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்ற நீதிமன்ற மரபு இங்கே தலைகீழாகிறது. சுற்றுலாவுக்கும் வணிகப் பயணத்துக்குமான பி-1, பி-2 விசாக்களும், மாணவர்களுக்கான எஃப்-1 விசாவும் மறுக்கப்படும்போது பெரும்பாலும் கைக்கு வருவது இந்த ஒரு பிரிவைக் குறிப்பிடும் அச்சிட்ட தாள்தான். எச்-1பி, எல் வகை வேலை விசாக்களுக்கு மட்டும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அனுமானத்திலிருந்து விலக்கு அளித்தது. வேலைக்குப் போகிறவரிடம் 'திரும்பி வருவீர்களா' என்று கேட்காமல், இரண்டு வாரம் சுற்றிப்பார்க்கப் போகிறவரிடம் கேட்கிறார்கள் என்பது விந்தைதான். ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மற்ற நாடுகள் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை. கேட்பது மட்டும் அதையேதான். அனுமதித்த காலம் முடிந்ததும் விண்ணப்பதாரர் புறப்பட்டுவிடுவார் என்று அதிகாரிக்கு மனநிறைவு ஏற்பட வேண்டும் என்கிறது கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 179ஆம் விதி. பிரிட்டனின் விதிகள் 'உண்மையான பார்வையாளர்' என்ற தகுதியை வைக்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசா சட்டத்தொகுப்பு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 32ஆம் பிரிவின்படி, திரும்பிப் போகும் எண்ணத்தில் நியாயமான ஐயம் இருந்தாலே மறுக்கலாம். ஈரானியர் ஒருவர் ஜெர்மனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013 டிசம்பரில் இதை விளக்கியது. விண்ணப்பதாரர் திரும்பிப் போவார் என்ற உறுதி அதிகாரிக்கு வேண்டியதில்லை, நியாயமான ஐயம் உண்டா இல்லையா என்று பார்த்தால் போதும் என்றது. கூடவே, சட்டத்தொகுப்பு பட்டியலிட்ட காரணங்கள் அல்லாத வேறொன்றைச் சொல்லி மறுக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

ஆக, இங்கே எடைபோடப்படுவது இன்னும் நடக்காத ஒரு செயல். ஒருவர் ஆறு மாதம் கழித்து என்ன செய்வார் என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. எனவே தெரிந்தவற்றிலிருந்து தெரியாததை ஊகிக்கிறார்கள்: வயது, வேலை, சம்பளம், குடும்பம், முன்பு போய்வந்த நாடுகள், சொந்த நாட்டின் நிலைமை. இருபத்து நான்கு வயது, திருமணமாகவில்லை, வேலையில் சேர்ந்து நான்கு மாதம், இதுவரை வெளிநாடு போனதில்லை என்று ஒருவர் வந்து நின்றால், அவர் மனத்தில் எந்தக் கள்ளமும் இல்லாவிட்டாலும் கணக்கு அவருக்கு எதிராகவே நிற்கும். 'நான் என்ன தப்பு செய்தேன்?' என்று மறுக்கப்பட்டவர் கேட்கும் கேள்விக்குப் பல நேரம் விடை, எந்தத் தப்பும் இல்லை என்பதே. தன் சூழ்நிலையில் இருக்கும் பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்பதன் நிழல் அவர்மேல் விழுகிறது.

சொந்த நாட்டோடு உள்ள பிணைப்பைக் காட்டச் சொத்துப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். பட்டா, சிட்டா, வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீட்டுச் சான்று, ஆடிட்டர் கையெழுத்திட்ட சொத்து மதிப்பு அறிக்கை என்று கோப்பு கனக்கும். இவற்றுக்கு ஓரளவு மதிப்பு உண்டு. நினைக்கும் அளவுக்கு இல்லை. நிலம் உரிமையாளர் ஊரில் இல்லாவிட்டாலும் அங்கேயேதான் இருக்கும். அதைக் குத்தகைக்கு விடலாம், விற்கலாம். நீண்டநாள் வேலை, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், நடந்துகொண்டிருக்கும் தொழில், முன்பு போன நாட்டிலிருந்து காலத்தோடு திரும்பிய முத்திரை ஆகியவையே ஆளைத் திரும்ப இழுப்பவை என்று அதிகாரிகள் கருதுகிறார்கள். சென்னையில் அண்ணா சாலை மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து வருபவர்கள் 'ஒரு பேப்பரைக்கூடப் பார்க்கவில்லை' என்று அங்கலாய்ப்பது வாடிக்கை. அங்கே முடிவு பெரும்பாலும் டிஎஸ்-160 இணையப் படிவத்தில் ஏற்கெனவே எழுதியதையும், சில நிமிடப் பேச்சையும் வைத்தே எடுக்கப்படுகிறது. படிவத்தில் 'சுற்றுலா' என்று எழுதிவிட்டு, நேரில் 'மகளுக்குப் பிரசவம், பார்த்துக்கொள்ளப் போகிறேன்' என்றால் முரண்பாடு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவது முற்றிலும் முறையான காரணம். அதை மறைக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள்.

மாணவர் விசாவில் இந்தச் சிக்கல் வேறு உருவெடுக்கும். அந்தப் பல்கலைக்கழகம் ஏன், அந்தப் படிப்பு ஏன், செலவுக்குப் பணம் எங்கிருந்து என்ற மூன்று கேள்விக்கும் ஏஜென்சியில் மனப்பாடம் செய்த பதிலை ஒரே காலையில் பத்துப் பேர் ஒப்பித்தால், பதினோராவது ஆள் உண்மையே சொன்னாலும் எடுபடாது. ஆஸ்திரேலியா 2024 மார்ச்சில் மாணவர்களுக்கான 'உண்மையான தற்காலிக வருகையாளர்' என்ற பழைய சோதனையைக் கைவிட்டு 'உண்மையான மாணவர்' என்ற சோதனையைக் கொண்டுவந்தது. பின்னாளில் அங்கே தங்க விரும்புகிறாரா என்பதைவிட, படிக்கத்தான் வருகிறாரா என்பதே இப்போது முதல் கேள்வி.

எண்ணத்துக்கு அடுத்து வருவது பணம். பயணச் செலவுக்குப் போதுமான தொகை இல்லாததால் மறுக்கப்படுவோர் உண்டு. அதைவிட, தொகை இருந்தும் அது வந்த வழி தெரியாததால் மறுக்கப்படுவோரே கவனிக்க வேண்டியவர்கள். விண்ணப்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு கணக்கில் ஐந்து லட்சம் திடீரென்று ஏறுகிறது; சம்பளமோ மாதம் இருபத்தைந்தாயிரம். சீட்டு எடுத்த பணமாக இருக்கலாம், நகை அடகு வைத்ததாக இருக்கலாம், மாமா கைமாற்றாகக் கொடுத்ததாக இருக்கலாம். பிரிட்டன், ஷெங்கன் நாடுகளின் அதிகாரிகளுக்கு அது விசாவுக்காக நிறுத்திவைத்த பணமாகவே தெரியும். ஆறு மாத வங்கிக் கணக்கைக் கேட்பது கடைசி வரியில் உள்ள இருப்பைப் பார்க்க அல்ல. மாதந்தோறும் என்ன வருகிறது, என்ன போகிறது என்ற ஓட்டத்தைப் பார்க்கத்தான். ரொக்கத்தில் புழங்கும் விவசாயியும் சிறு வியாபாரியும் இதில் அடிபடுகிறார்கள். வசதியிருந்தும் வருமான வரிக் கணக்கில் அது பதிவாகியிருக்காது. வரிக்காகக் குறைத்துக் காட்டிய வருமானம் விசாவுக்குப் பெருத்துத் தெரிய வேண்டும் என்றால் நடக்காது.

சில இடங்களில் பணவிதி கணக்கு வாய்பாடு போல இறுக்கமானது. பிரிட்டன் மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவே ஒரு நாள் குறைந்தாலும் விதி நிறைவேறவில்லை. கனடா, தனியாக வரும் மாணவர் கல்விக் கட்டணத்துக்கு மேல் வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 2024 ஜனவரியில் 20,635 கனடிய டாலராக உயர்த்தியது. பின்னர் அது மேலும் கூடியது. பழைய தொகையைச் சொன்ன ஏஜென்ட்டின் தாளை நம்பி விண்ணப்பித்தவருக்கு வேறு காரணம் எதுவும் தேவையிருக்காது.

ஷெங்கன் விசாவில் நடைமுறைக் குறைகளும் ஏராளம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா உறுப்பு நாடுகளிலும் செல்லும்படி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மீறுவதுதான் சுற்றுலாப் பயணிகளிடையே பரவலாக நடக்கிறது. எந்த நாடு எளிதாகத் தரும், எங்கே நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்கும் என்று விசாரித்து, போகாத நாட்டில் ஐந்து நாள் தங்குவதாக ஓட்டல் முன்பதிவு காட்டுகிறார்கள். விசா முத்திரை கிடைத்ததும் ரத்து செய்யலாம் என்ற எண்ணத்தோடு எடுத்த முன்பதிவு, தூதரகம் சரிபார்ப்பதற்குள் ரத்தாகியிருந்தால் 'பயணத்தின் நோக்கமும் சூழ்நிலையும் நிறுவப்படவில்லை' என்ற கட்டத்தில் டிக் விழும். மறுப்புக்கான காரணத்தை இப்படிப் பொதுவான படிவத்தில் குறித்துத் தருவதைச் சட்டத்தொகுப்பே கட்டாயமாக்கியிருக்கிறது. காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிய பழைய காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். எனினும் ஒற்றை டிக் குறியிலிருந்து, எந்தத் தாள் சந்தேகத்தைக் கிளப்பியது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

இதுவரை சொன்னவை திருத்திக்கொள்ளக் கூடியவை. பொய் ஆவணமும் மறைத்த தகவலும் அந்த வகை அல்ல. அமெரிக்கச் சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி, முக்கியமான உண்மை ஒன்றைத் திரித்துச் சொல்லி விசா பெற முயன்றவருக்கு வாழ்நாள் தடை. தனியே விலக்கு பெற்றால்தான் நுழைய முடியும். பிரிட்டனில் ஏமாற்று வேலைக்குப் பத்தாண்டு, கனடாவில் ஐந்தாண்டு. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு மூன்றாண்டு, அடையாளத்தையே பொய்யாகக் காட்டியிருந்தால் பத்தாண்டு. தூதரகங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கின்றன, வங்கியிடம் விசாரிக்கின்றன, பல்கலைக்கழகத்துக்கு எழுதுகின்றன. இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கனடாவுக்குப் போன மாணவர்கள் பலரின் சேர்க்கைக் கடிதங்கள் போலியானவை என்பது 2023இல் வெளிப்பட்டது. படிப்பை முடித்து வேலையிலும் சேர்ந்த பிறகு, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கையில்தான் அது தெரியவந்தது என்பது அதில் கொடுமை. தங்களுக்கே தெரியாமல் ஏஜென்ட் செய்த மோசடி என்றார்கள் மாணவர்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே சரிபார்க்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது. படிவத்தை நிரப்பியது யாராயினும், அதில் உள்ளதற்குப் பொறுப்பு கையெழுத்திட்டவருடையதே என்பதில் எல்லா நாடுகளும் ஒன்றுபோலக் கறாராக இருக்கின்றன.

மறைப்பதும் பொய்தான். 'இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது பழைய துணிச்சல். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிவரவுத் தகவல்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. கைரேகையை வைத்து ஒப்பிடுகின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு 2011 முதல் பொதுவான விசா தகவல் அமைப்பு இருக்கிறது. ஒரு தூதரகத்தில் மறுத்தது அடுத்த தூதரகத்தின் திரையில் ஐந்தாண்டு வரை தெரியும். சாதாரண மறுப்பு ஒன்றை ஒப்புக்கொள்வதால் பெரிய நட்டம் வருவதில்லை. அதை மறைத்தது தெரிந்தால் வருவதுதான் நட்டம்.

கடந்த காலத் தடங்களில் கனமானது, அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியது. அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குக் குறைவாகச் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறியவருக்கு மூன்றாண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்குப் பத்தாண்டும் நுழைவுத் தடை என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்த்தது, வளைகுடாவில் முதலாளியிடமிருந்து ஓடிப்போனதாகப் பதிவானது போன்றவையும் பின்தொடரும். குற்றப் பதிவு எது என்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. இந்தியாவில் அபராதம் கட்டி மறந்துவிடும் குடிபோதை வாகன வழக்கு, கனடாவில் 2018 டிசம்பர் முதல் கடும் குற்ற வகையில் சேர்ந்துவிட்டது.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை பெயரில் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் வழக்கம் பாஸ்போர்ட்டின் இரண்டு கட்டங்களில் பொருந்துவதில்லை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அதன் விரிவு, வங்கிக் கணக்கில் முன்பின் மாறிய பெயர் என்று மூன்று ஆவணங்களில் மூன்று ஆட்கள் இருப்பதுபோல் தோன்றும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா வருபவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது விமான நிலையங்களில் பலர் தடுமாறினார்கள். தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகு வந்தது. இத்தகைய பெயர் வேறுபாடு தானாக மறுப்பில் முடிவதில்லை. ஆனால் ஏற்கெனவே தயங்கும் அதிகாரிக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது.

வேலை விசாவின் தர்க்கம் வேறு. அங்கே முதலில் விசாரிக்கப்படுவது ஆள் அல்ல, அவரை அழைக்கும் நிறுவனமும் அந்த வேலையும்தான். அமெரிக்காவின் எச்-1பி மனுவைத் தாக்கல் செய்வது முதலாளி. ஆண்டுக்கு 65,000 இடமும், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடமும் உண்டு. இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடும்போது நடக்கும் தேர்வில் பெயர் வராதது மறுப்பு ஆகாது. தேர்வானபின் மனு நிராகரிக்கப்படுவதுதான் மறுப்பு. அந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறைப் பட்டம் கட்டாயமா, விண்ணப்பதாரரின் பட்டம் அதற்குப் பொருந்துமா, வேறொரு நிறுவனத்தின் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு உண்மையில் முதலாளி யார் என்பவையே முக்கியக் கேள்விகள். 2017 மார்ச்சில் வந்த ஒரு சுற்றறிக்கை, கணினி நிரலர் வேலையைத் தனித்திறன் வேலையாகத் தானாக ஏற்க முடியாது என்றது. புதிய வேலைக்கான எச்-1பி மனுக்களின் மறுப்பு விகிதம் 2015 நிதியாண்டில் 6 விழுக்காடாக இருந்து, 2018இல் 24 விழுக்காட்டைத் தொட்டது. 2020இல் நீதிமன்றங்கள் அந்தக் கடும்போக்கின் அடித்தளத்தைத் தகர்த்தபின், 2021இல் 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. இந்த ஆறு ஆண்டில் விண்ணப்பித்த பொறியாளர்களின் தரம் நான்கு மடங்கு கெட்டுப் பிறகு தேறிவிடவில்லை. மறுப்பின் காரணத்தை எப்போதும் விண்ணப்பதாரரிடமே தேடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைக்காது.

பிரிட்டனின் பராமரிப்புப் பணியாளர் விசாவில் நடந்ததும் இதே வகை. 2022 பிப்ரவரியில் திறந்த அந்த வழியில் கேரளம், தமிழ்நாடு உட்படப் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் போனார்கள். வேலையே இல்லாத நிறுவனங்கள் ஸ்பான்சர் சான்றிதழை விற்பது வெளிவந்ததும், நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. லட்சக்கணக்கில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்தவர்களின் விண்ணப்பங்களும் அவற்றோடு விழுந்தன. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியே மூடப்பட்டுவிட்டது.

வளைகுடாவுக்கான தடைகள் பெரும்பாலும் தூதரகத்துக்கு முன்பே வருகின்றன. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மருத்துவப் பரிசோதனையில் 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் விசா நகராது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றோடு, என்றோ வந்து குணமான காசநோயின் தழும்பு மார்பு எக்ஸ்ரேயில் தெரிவதும் போதும். சான்றிதழ்களுக்கு உரிய மேலொப்பம் இல்லாதது அடுத்த தடை. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி பெற வேண்டும். இலங்கையர்கள் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இவற்றைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஏஜென்ட், மறுப்பை விமான நிலையத்துக்கோ அந்த நாட்டுக்கோ தள்ளிப்போடுகிறார், அவ்வளவுதான்.

அமெரிக்கத் தூதரகம் தரும் 221(ஜி) தாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சட்டப்படி அதுவும் மறுப்பே. நடைமுறையில், குறையும் தாளைக் கொண்டுவா அல்லது பின்னணி விசாரணை முடியும்வரை பொறு என்பதே அதன் பொருள். அதைப் பெற்றவர்களில் பலருக்குப் பிறகு விசா கிடைக்கிறது.

தனிமனிதர் கையில் எதுவுமே இல்லாத காரணங்களும் உண்டு. 2024இல் ஷெங்கன் தூதரகங்களுக்கு உலகெங்குமிருந்து வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 17 லட்சம். அவற்றில் ஏறக்குறைய 15 விழுக்காடு மறுக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து போன 11 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் மறுப்பு. உலகச் சராசரியை ஒட்டிய விகிதம்தான் இது. ஆனால் எந்த நாட்டில் பிறந்தார் என்பதே விண்ணப்பத்தின் தலையெழுத்தை எழுதிய நிகழ்வுகள் உள்ளன. பிரிட்டனின் உள்துறை 2015 முதல் ஒரு கணினி நிரலால் விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தது. அந்தப் பிரிப்பில் நாட்டினமும் ஓர் அளவுகோல்; சில நாட்டவருக்குச் சிவப்பே விழும். இரு அமைப்புகள் வழக்குத் தொடுத்ததும், விசாரணைக்கு முன்பே 2020 ஆகஸ்டில் அதை நிறுத்திக்கொண்டார்கள். நாடு கடத்தப்படும் தம் குடிமக்களைத் திரும்ப ஏற்பதில் ஒத்துழைக்காத அரசுகள்மேல் விசாக் கட்டுப்பாடு விதிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதி செய்தது. 2021இல் காம்பியா அதற்கு ஆளானது. அரசின் கணக்கைக் குடிமக்கள் தீர்க்கிறார்கள்.

மறுத்தபின் என்ன செய்ய முடியும் என்பதும் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கத் தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. கணவருக்கு விசா மறுக்கப்பட்ட அமெரிக்கக் குடிமகள் ஒருவரின் வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிசெய்தது. ஷெங்கன் மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்வது சட்டப்படியான உரிமை. அது எங்கே, எந்தக் காலக்கெடுவுக்குள் என்பது மறுப்புத் தாளிலேயே இருக்கும். தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் இலவச வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் மூடிவிட்டதால், அங்கே இனி நீதிமன்றம், அல்லது புதிய விண்ணப்பம். பிரிட்டனில் உறவினரைப் பார்க்கச் செல்வோருக்கு இருந்த முழு மேல்முறையீட்டு உரிமை 2013இல் போய்விட்டது. கனடாவில், அதிகாரி தன் கோப்பில் எழுதிவைத்த குறிப்புகளைத் தகவல் உரிமையின் கீழ் கேட்டு வாங்கலாம். அச்சிட்ட மறுப்புக் கடிதத்தைவிட அந்தக் குறிப்புகளில் உண்மையான காரணம் தெளிவாக இருப்பதுண்டு.

புதிதாக விண்ணப்பிக்கப் பெரும்பாலான நாடுகளில் தடையில்லை. ஆனால் மறுத்த விண்ணப்பத்துக்குக் கட்டிய தொகை திரும்ப வராது. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு அது 185 டாலர், ஷெங்கனுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. சூழ்நிலையில் எதுவும் மாறாமல் அதே தாள்களோடு அடுத்த மாதமே போய் நின்றால் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். அந்தப் புதிய படிவத்திலும் முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கும். அதற்கு 'ஆம்' என்றே எழுத வேண்டும்.